முன்பு குடியிருந்தவர்

இருபத்தாறு வருடம் டிராலி பஸ் ஓட்டினேன்
வல்பரைசோவின் துறைமுகத் தெருக்களில்.
தலைக்கு மேல் எப்போதும் இரண்டு கம்பி.
மின்சாரம் பற்றி எனக்கே பாடமா
என்றுதான் இருந்தேன்.
விடுமுறை நாட்களில் ஏணியில் நான்,
கீழே டார்ச் பிடித்தபடி இர்மா.
சுவருக்குள் நான் இழுத்த வயர்கள்
எங்கே போயின என்று
பிறகு எனக்கே நினைவில்லை.

இந்த ஜூலை மழையில்
குளியலறைக் குழாயைத் தொட்டேன்.
முழங்கை வரை சுண்டியது.
பூனையையும் சுண்டியிருக்க வேண்டும்,
அந்தப் பக்கமே அது போவதில்லை.
நான் போனேன், ரப்பர் செருப்போடு.

இர்மா என்னிடம் சொல்லவில்லை.
யாரிடமோ போனில் கேட்டாள்:
“லைசென்ஸ் இருக்கிறதா? எண் என்ன?”
காலண்டரின் ஓரத்தில் குறித்துக்கொண்டு
அந்த எண் உண்மையா என்று
இன்னொரு போன் போட்டாள்.
என்னைக் கல்யாணம் செய்தபோது
இவ்வளவு விசாரிக்கவில்லை.

யாஸ்னா லெய்வா படியேறி வந்தாள்,
நூற்று எழுபத்து நான்கு படி, லிஃப்ட் பழுது.
முப்பது வயதிருக்கும்.
பையை வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள்.
“மெயினை அணைத்துவிட்டேன்” என்றேன்.
தலையாட்டினாள்,
ஆனால் நம்பவில்லை.
மீட்டரின் முனையை வைத்து
வயரையே கேட்டாள்.
வயர் வேறு பதில் சொன்னது.

ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தாள்.
முறுக்கிவிட்ட செம்பு,
அதன்மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி,
பச்சை வயரில் மின்சாரம்,
எர்த் என்று ஒன்று எங்குமே கிடையாது.
நகத்தால் சுரண்டினாள்,
காப்புறை கரியாக உதிர்ந்தது.
ஜன்னல் வழியே ஒரு கணம்
எதிர்க் குன்றைப் பார்த்தாள்.
போன கோடையில் எரிந்த வீடுகளின் இடத்தில்
அஸ்திவாரம் மட்டும் நனைந்துகொண்டிருந்தது.

“யார் செய்த கைவைத்தியம் இது?”

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

“முன்பு குடியிருந்தவர்” என்றேன்.

கரண்டி மறுபடி ஆரம்பித்தது,
கொஞ்சம் வேகமாக.

மூன்று நாள் வேலை.
பணம் சொன்னபோது
உட்கார நாற்காலி தேடினேன்.
இரண்டாம் நாள் படுக்கையறைப் பலகையைக் கழற்றினாள்.
பின்புறம் பென்சில் எழுத்து,
என் பள்ளிக்கூட எழுத்து:
வென்செஸ்லாவோ அராயா போட்டது.
விளக்கு பிடித்தவள் இர்மா.

படித்தாள்.
கையிலிருந்த படிவத்தைப் பார்த்தாள்,
உரிமையாளர் பெயர் என்ற கட்டத்தில் என் பெயர்.
எனக்குக் காது சுட்டது.
“முன்பு குடியிருந்தவர் அதிர்ஷ்டக்காரர்,
அவர் மனைவியும்தான்” என்றாள்.
பலகையைத் துடைத்து
எழுத்து அழியாமல் அதே இடத்தில் பொருத்தினாள்.

போகும்போது கையெழுத்திட்ட சான்றிதழ்,
பிறகு பெட்டியில் ஒரு சிறு பொத்தான்:
“மாதம் ஒருமுறை அழுத்துங்கள்.
உடனே அணைய வேண்டும்.
அணையாவிட்டால் எதையும் தொடாதீர்கள்,
என்னைக் கூப்பிடுங்கள். என்னை.”

முதல் தேதி இரவு, குளித்து முடித்து
வெறுங்காலோடு நின்று அழுத்தினேன்.
டக்.
வீடு முழுவதும் இருட்டு.
ஃபிரிட்ஜ் கூட வாய் மூடியது,
தகரக் கூரையில் மழை மட்டும்.
என் வாழ்நாளில் நான் பார்த்த
ஒழுங்கான இருட்டு அதுதான்.
ரசித்துக்கொண்டு கொஞ்சம் அதிகமாகவே நின்றுவிட்டேன் போல,

இர்மாவின் குரல் வந்தது:
“முன்பு குடியிருந்தவரே,
விளக்கைப் போடுங்கள்.”