நெகட்டிவ்

மூணு மணிக்கு இடுப்பு எழுப்பிவிடும்.
அலாரம் வைத்ததில்லை.
பதினோரு வருஷம் அதை ஒரு வசதி என்றே நினைத்திருந்தேன்.
ரப்பர் வெட்டுகிறவளுக்கு அந்நேரம் விழிப்பு தட்டினால்
யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

கட்டிலை விட்டு இறங்க அரைமணி நேரம்.
பலகைபோல் உருண்டு, சுவரைப் பிடித்து,
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
முதல் நூறு மரம் பல்லைக் கடித்து.
இருநூறாவது மரத்தில் இடுப்பு இளகும்.
முந்நூறில் பாட்டு வரும்.

அதனால் யாரும் நம்பவில்லை.
"குனிஞ்சு நிமிருக வேலை, வலிக்கத்தானே செய்யும்"
என்றார் குலசேகரத்து எலும்பு டாக்டர்.
ஒரு மாசம் அசையாமல் படுக்கச் சொன்னார்.
படுத்தேன்.
அந்த ஒரு மாசத்தில்தான்
கல்லானேன்.

பிறகு ஆசாரிப்பள்ளம். புதன்கிழமை. நீள பெஞ்சு.
கடியபட்டணத்து அருளப்பன் கழுத்து திரும்பாமல்
ஆளோடு திரும்பி எனக்கு எந்த ஊர் என்று கேட்டார்.
தக்கலை மைதீன்கண்ணு, துணிக்கடை,
கண் சிவந்து கறுப்புக் கண்ணாடியில்.
பேச்சிப்பாறைக்கும் மேலே இருந்து ஒரு காணிக்காரப் பையன்
குதிகாலை ஊன்றாமல் நின்றான், உட்காரச் சொன்னால் சிரித்தான்.
நாலு சாதி, நாலு சாமி, நாலு தொழில்.
விடியல் மட்டும்
நாலு பேருக்கும் மூணு மணி.

எச்.எல்.ஏ. பி இருபத்தேழு.
மெர்லெட் றசாலம் என்ற பேருக்கு நேரே
நெகட்டிவ்.
"அப்போ ஒண்ணுமில்ல, தோத்திரம்" என்றது
போனில் வீட்டுக்காரர் குரல்.

டாக்டரம்மா இன்னொரு படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
இடுப்பெலும்பு சேருமிடத்தில் வெள்ளையாய் ஒரு கசிவு.
வெட்டின பட்டையில் பால் துளிர்ப்பதுபோல்
எனக்கு அது பழகின நிறம்.

"வடக்கு ஐரோப்பாவில் இந்த நோய் உள்ள
நூறு பேரைப் பிடித்தால்
தொண்ணூறு பேர் ரத்தத்தில் இது இருக்கும்.
நம்ம பக்கம் அத்தனை இல்லை.
பனிக்கடல் ஓரத்தில் சில கூட்டங்களில்
தெருவுக்குத் தெரு இருக்கும்.
ஆப்பிரிக்காவில் பல இடங்களில் தேடினாலும் கிடைக்காது,
ஆனாலும் அங்கேயும் முதுகு இறுகத்தான் செய்கிறது.
சார்டீனியா என்று ஒரு தீவு,
அங்கே இதில் ஒரு வகை
பெரும்பாலும் யாரையும் கடிப்பதில்லை."

யாருடைய முதுகுக்கோ அளவெடுத்த சட்டையை
எனக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.
கை நுழையவில்லை என்றால்
கையே இல்லை என்பதா?

கூட வந்த தம்பி எட்வினுக்கும் ரத்தம் எடுத்தார்கள்.
அவனுக்குப் பாசிட்டிவ்.
ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும்
வலைக்கு மேலே எகிறி வாலிபால் அடிக்கிறவன்.
ஒரே வயிறு. என்ன கணக்கு இது?

வெகு நேரம் யோசிக்கவில்லை.
எங்கள் தோட்டத்தில் நிற்பதெல்லாம் நூத்தியஞ்சு.
ஒரே தாய்மரத்தின் மொட்டை ஒட்டி வளர்த்தது,
இலைக்கு இலை ஒரே ரத்தம்.
அதே வரிசையில், அதே மழையில், அதே என் கத்தியில்
ஒரு மரத்துக்கு மட்டும் பட்டை மரத்துப்போகும்.
சிரட்டை காய்ந்து கிடக்கும்.
பக்கத்து மரம் நிறைந்து வழியும்.
எது மரக்கும் என்று நட்ட அன்றைக்கு
யார் கண்டார்?

ஊசிக்கு எழுதிக் கொடுத்தார் டாக்டரம்மா.
விலையைக் கேட்டு மைதீன்கண்ணு கண்ணாடியைக் கழற்றினார்.
காப்பீட்டுக் கவுண்டரில் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி ஒருவர்:
"நெகட்டிவ்னு போட்டிருக்கே,
பின்னே எதுக்கு ஊசி?"

எனக்குப் பின்னால் பதினேழு பேர்.
ஐரோப்பா, பனிக்கடல், சார்டீனியா
எல்லாம் தொண்டைவரை வந்து
ஒன்றும் வாயில் நிற்கவில்லை.
"சாரே" என்றேன்,
"ரப்பர் வெட்டிப் பாத்ததுண்டா?"

அவர் நிமிர்ந்தார்.
வரிசையில் மூன்றாவதாய் நின்ற அருளப்பன்
கேட்பதற்காக
முழு ஆளாகத் திரும்பினார்.