அலகு

சுற்றறிக்கையில் ஐந்து கட்டங்கள்.
அதற்குக் கீழே முத்திரைக்கு ஓர் இடம்.
என் வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள்.

கிருஷ்ணகிரியில், விடுதியோடு, மாதிரிப் பள்ளி.
"தகுதியான மாணவர்களை மட்டும்" என்று எழுதியிருந்தார்கள்.
அந்த "மட்டும்"
தடித்த எழுத்தில் இருந்தது.

கணக்கு டீச்சர் நான்தான்.
தேர்வு வைத்ததும் நான், திருத்தியதும் நான்.
காவேரிப்பட்டணத்தில் பஸ் மாறும்போதே
நாலு பெயர் மனதில் வந்துவிட்டது.
ஐந்தாவதுக்குத்தான் இரண்டு பேர்:
யோகலட்சுமி முப்பத்தெட்டு,
மாதேஷ் முப்பத்தேழரை.

அந்த அரை எங்கே போனதென்று எனக்குத் தெரியும்.
மாந்தோப்பின் பரப்பளவு கேட்டிருந்தேன்.
விடை சரி.
சதுர மீட்டர் என்று போட மறந்திருந்தான்.

அவன் அம்மா ஷிப்ட் முடிந்து நேராக வந்தாள்,
கூழ் ஃபேக்டரியின் வலைத்தொப்பி இன்னும் தலையில்.
"நாங்களும் பெல்ட்டுல பிரிக்கிறோம் டீச்சர்.
நல்லது ஒரு பக்கம், அடிபட்டது ஒரு பக்கம்,
அழுகுனதைத் தூக்கி வெளிய.
ஆனா எந்த மாங்காயும்
ராத்திரி வூட்டுக்கு வந்து
நான் ஏன் அந்தப் பக்கம் போனேன்னு கேக்காது."
விதி அப்படி அம்மா என்றேன்.
எந்த விதி என்று அவள் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஐந்து டிரங்குப் பெட்டிகள் போயின.

ஒரு மாதம் கழித்து யோகலட்சுமி போன் செய்தாள்.
"டீச்சர், மைக்ராஸ்கோப்ல வெங்காயத் தோல் பாத்தேன்!
செங்கல் அடுக்குன மாதிரி இருக்கு டீச்சர்!"
பிறகு குரல் இறங்கி,
"இங்க நான் நாப்பத்தி மூணாவது."
அவள் அப்பா கிரானைட் ஏற்றுகிறவர்.
அவளுக்கு அந்தக் கண்ணாடி கிடைக்கக் கூடாதென்று
எந்த நியாயத்தை வைத்து நான் சொல்வேன்?
சந்தோஷமாகத்தான் இருந்தது.
எங்கள் பள்ளியின் மைக்ராஸ்கோப்
பீரோவில் லென்ஸ் இல்லாமல் நிற்கிறது.

டீக்கடையில் பைரப்பன் சார் சொன்னார்:
"நல்ல விதைய நாத்தங்கால்ல தனியா போட்டா என்ன தப்பு?"
தப்பில்லை சார்.
நாற்று வயலுக்குத் திரும்பி வரும் என்றால்.

முன்பெஞ்சு காலி.
வந்து உட்காருங்கள் என்றேன்.
ஒரு வாரம் ஒருத்தரும் அசையவில்லை,
யாரோ துண்டு போட்டு வைத்த இடம் போல.
கேள்வி கேட்டால் மின்விசிறிச் சத்தம்.
முன்பெல்லாம் நான் சொல்லி முடித்ததும்
யோகலட்சுமி பின்னால் திரும்பி
அதையே ஊர்ப்பேச்சில் சொல்வாள்.
பேசாதே என்று எத்தனை முறை அதட்டியிருக்கிறேன்!
இவர்களுக்கு இத்தனை நாள் கணக்கு சொல்லிக்கொடுத்தது
யாரென்று
காலாண்டுத் தேர்வுத் தாள்கள் சொல்லின.

ஆய்வுக்கு வந்தவர் கேட்டார்,
"சராசரி ஏன் இறங்கியிருக்கு?"
கழித்தது நீங்கள் என்று சொல்ல
வாய் வரவில்லை.
பட்டியலில் இருந்தது என் கையெழுத்து.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன்.
காலை ஏழு பத்துக்கு என் வாசலில்
மஞ்சள் வேன் வந்து ஹாரன் அடிக்கும்.
என் மகள் ஏறிக்கொள்வாள்.
அவளுடைய அரை மதிப்பெண்ணை
யாரும் எடுத்துப் பார்த்ததில்லை.
நான் பணம் கட்டிவிட்டேன்.

மாதேஷ் இப்போது
எல்லா விடைக்கும் அலகு எழுதுகிறான்.
லிட்டர், ரூபாய், ஆட்கள்,
அடிக்கோடு போட்டு.
நேற்று விகிதக் கணக்கு.
மூன்றுக்கு ஐந்து என்று போட்டு
பக்கத்தில் சதுர மீட்டர் என்று எழுதியிருந்தான்.
விகிதத்துக்கு அலகு கிடையாதுடா என்றேன்.

"இருக்கட்டும் டீச்சர்" என்றான்.