ஏழாம் பெட்டி

மாலை ஐந்தரைக்கு மேல்
இந்தக் கண்ணாடிகள் எல்லாம் என்னுடையவை.
பள்ளிப் பிள்ளைகள் வந்த நாளென்றால்
இடுப்புயரத்தில் மூக்குத் தடங்கள்,
யாரோ நக்கிப் பார்த்த வட்டம் ஒன்று.
வெள்ளிக் கோப்பைக்கு நேரே விரல்கள், விரல்கள்.
பெண்கள் ஆடிய கமோகிப் பிரிவில்
துடைக்க அதிகம் இருப்பதில்லை.
அதையும் துடைக்கிறேன்.

ஏழாம் பெட்டியில் மட்டும்
செவ்வாய்தோறும் ஒரே உயரத்தில்
ஒரு நெற்றி.

உள்ளே இருப்பது ஹர்லிங் மட்டை.
ஆஷ் மரம். கழுத்தில் முறிந்து
நார் நாராய்ப் பிரிந்து நிற்கிறது.
கீழே அட்டை சொல்கிறது:
கவுண்ட்டி இறுதி ஆட்டம், 1971.
கடைசி நிமிட கோலைத் தடுத்தபோது உடைந்தது.
மலக்கி டூஹி.

இந்தச் செவ்வாய் மழை. பஸ்ஸும் வரவில்லை.
மூடும் நேரம் தாண்டியும் அவரை
வெளியே போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
வாளியை வைத்துவிட்டு நின்றேன்.
"அது அது இல்லை" என்றார் டூஹி.

அந்த மட்டையை அன்றிரவே
அம்மா அடுப்பில் வைத்துவிட்டாளாம்.
நன்றாக எரிந்ததாம், ஆஷ் ஈரமாக இருந்தாலும் எரியும்.
வெற்றி கொண்டாட வந்த இருபது பேருக்கும்
அதில்தான் உருளைக்கிழங்கு வெந்தது.

"நாற்பது வருடம் கழித்து மியூசியத்துக்காரர்கள்
உடைந்த மட்டை கேட்டு வந்தார்கள்.
மாட்டுக்கொட்டிலில் ஒன்று கிடந்தது. கொடுத்தேன்."

அது கோல்மனுடையது. தம்பி.
பதினைந்து பேர் ஆடும் ஆட்டத்தில்
பதினெட்டாம் எண் சட்டை.
மூன்று கோடை உட்கார்ந்திருந்தான்,
ஒரு தடவைகூட இறக்கவில்லை.
பர்மிங்ஹாமுக்குக் கப்பலேறப் போன காலையில்
வயல் கேட்டின் மேல் ஓங்கி ஒரு அடி.
"பந்தை அப்படி அடித்திருந்தால்..." என்று தொடங்கியவர்
நிறுத்திக்கொண்டார்.

குனிந்து பார்த்தேன்.
முறிந்த விளிம்பில் ஒரு கீற்று
பச்சைப் பெயின்ட்.
கேட்டின் பச்சை.
ஆறு வருடமாகத் துடைக்கிறேன்,
பந்தில் ஏது பச்சை என்று
ஒருநாளும் தோன்றவில்லை.

"அட்டையை மாற்றச் சொல்லட்டுமா?"
"சொன்னால் மட்டையையே எடுத்துவிடுவார்கள்."

பிறகு, கோட்டுப் பொத்தானைப் போட்டபடி:
"போன மாதம் ஓர் அமெரிக்கக் குடும்பம்.
அவன் பக்கத்தில் நின்று
படமெடுத்துக்கொண்டார்கள்."

அவர் போனதும் வாளியை எடுத்தேன்.
ஆறு, எட்டு, ஒன்பது முடிந்தது.
ஏழில் நெற்றித்தடம் இன்னும் காயவில்லை.
நாளைக்குத் துடைத்துக்கொள்ளலாம்.