கெட்டிச் சாலை

முப்பத்தாறாம் வாரம் ஒரு பஞ்சுக் குச்சி.
மூன்றாம் நாள் தொலைபேசி.
"பாசிட்டிவ்" என்றாள் மருத்துவச்சி டெல்ஃபீன்,
மாவு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்.
நான் பேருந்துக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தேன்.

குரூப் பி ஸ்ட்ரெப்.
கேட்டால் ஏதோ பள்ளிக்கூட அணியின் பெயர்.
நோயில்லையாம். குடியிருக்கிறதாம்,
வாடகையும் தராமல் வம்பும் செய்யாமல்.
நாலு பேரில் ஒருத்திக்கு இருக்குமாம்.
பிள்ளை வெளியே வரும் வழியில் தொற்றிக்கொண்டால்தான்
சில சமயம், மிகச் சில சமயம்...
அவள் முடிக்கவில்லை.
நான் கேட்கவுமில்லை.
டீசல் வழிந்து காலணி நனைந்தது.

அன்றிரவு இரண்டு முறை குளித்தேன்,
குளித்தால் போகிற சங்கதியில்லை என்று தெரிந்தே.

மருந்து எளிது. கை நரம்பில் பென்சிலின்.
பிறப்பதற்கு நான்கு மணி நேரம் முன்பே
ஏறத் தொடங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.
நான்கு மணி நேரம்!
மூத்தவள் வினிஃப்ரெட் முதல் வலியிலிருந்து
இரண்டே முக்கால் மணியில் வந்து விழுந்தவள்.
ஆஸ்பத்திரிக்கு நாற்பத்தேழு நிமிடம்.
அது ஜனவரிக் கணக்கு.
எனக்கு நாள் குறித்திருப்பது ஏப்ரலில்.
வெர்மான்ட் மலையில் ஏப்ரல் மாதமில்லை,
சேறு.

டெல்ஃபீன் வீட்டுக்கே வந்து ஊசி போடுவேன் என்றாள்தான்.
போன செவ்வாய் அவள் கார்
எங்கள் தபால் பெட்டிக்குக் கீழே
கதவு வரை புதைந்து நின்றது.
பாட்டில்களைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து
முழங்கால் சேற்றில் நடந்து வந்தவள்
வாசலில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

நீலத் தொட்டி வாங்கி வைத்திருந்தேன்,
அடுப்படிச் சன்னலோரம், வெந்நீரில் பெற்றுக்கொள்ள.
அதில் இப்போது வினியின் பொம்மைகள் நீந்துகின்றன.
அதைப் பற்றி ராய்ஸிடம் பேசுவதில்லை.
அவனும் சர்க்கரைக் கொட்டகையில்
மேப்பிள் நீரைக் காய்ச்சிக்கொண்டே
எதைப் பற்றியோ என்னிடம் பேசுவதில்லை.

ஆனால் திட்டத்தை எழுதியது அவன்தான்,
பாகு டப்பா லேபிளின் பின்புறத்தில்:
முதல் வலிக்கே கிளம்பு. இரண்டாவதை எண்ணாதே.
பனிக்குடம் உடைந்தால் காலணி தேடாதே.
வளைவில் ஹாலிஸ் டிராக்டரோடு நிற்பார்.
வினி எட்னாவிடம்.
டாக்டரிடம் முதல் வார்த்தை: பாசிட்டிவ்.
கடைசி வரியில் கேள்விக்குறி மட்டும்.

அதற்கு நேராக டெல்ஃபீன் பேனாவால் எழுதினாள்:
"மருந்து பிந்தினால் கண் பிந்தாது."
இரண்டு நாள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம்,
மூச்சை, சூட்டை, பால் குடிக்கிற விதத்தை.
அந்த லேபிளில் எனக்குத் தூக்கம் தந்த வரி அதுதான்.

பதினொரு வருடம் மஞ்சள் பேருந்து ஓட்டுகிறேன்.
எந்தப் பள்ளம் அச்சைக் கேட்கும்
எது டயரோடு விட்டுவிடும் என்று தெரியும்.
இதுவும் தெரியும்:
இரவில் சேறு உறைந்து இரும்பாகிவிடும்.
காலை பத்துக்கு வெயில் ஏறினால் சாலை கஞ்சி.

ஆகவே, உள்ளே இருப்பவனே, உள்ளே இருப்பவளே,
ராத்திரியில் வா.
தினமும் காலையில் முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கு
ஹாரன் அடித்து ஓடி வாங்க ஓடி வாங்க என்கிறேன்.
உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன், ஓடாதே.
லேஸைக் கட்டிக்கொள்.
மறந்ததை எடுக்கத் திரும்பிப் போ.
வழியில் ஏதாவது கல்லைப் பார்த்து நில்.
வண்டி உன்னை விட்டுப் போகாது.

மணி மூன்றே கால்.
வெளியே மைனஸ் நான்கு.
சாலை கெட்டி.
முதுகின் அடியில் ஏதோ ஒன்று
கியர் மாற்றுவது போல.

ராய்ஸ், விளக்கைப் போடு.