சிவப்பு நட்சத்திரக் கட்டங்கள்

மூக்கையூரில் இறங்கும்போது மணி பத்தரை.
பல்கலைக்கழகக் கடலாய்வு மையம் என்றது பலகை,
பாதி எழுத்தை உப்பு தின்ற பிறகும்.
நான் பணியமைப்புப் பிரிவு, இருக்கை இ-3.
மார்ச்சுக்குள் எல்லோரையும் கணினியில் ஏற்றியாக வேண்டும்.

துணைவேந்தர் அறைத் திரையில் இந்த மையம்
ஆறு மாதமாய்ச் சிவப்பில் எரிகிறது:
வருகை முப்பத்தெட்டு விழுக்காடு.
வந்து பார்த்தால் காரணம் எளிது.
விடியல் நாலுக்குப் படகு இறங்குகிறது.
விரல் வைக்கும் பொறி
ஒன்பதரைக்குத்தான் கண் விழிக்கிறது.

கஸ்பார், படகோட்டி, பத்தொன்பது வருடம், தினக்கூலி.
கட்டைவிரலை வைத்தார். மீண்டும் முயலவும்.
சட்டையில் துடைத்து வைத்தார். மீண்டும் முயலவும்.
நங்கூரக் கயிறு எப்போதோ
ரேகையை வழித்துக்கொண்டு போயிருந்தது.

சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம்
காலியாக இருக்கக் கூடாது.
பதவிப் பட்டியலில் படகோட்டி இல்லை.
ஓட்டுநர் என்றால் கனரக உரிமம் கேட்கிறது.
பணியாளர் எண் இல்லாமல் அடுத்த பக்கம் போகாது.
சொத்துப் பதிவேட்டைப் புரட்டினேன்:
படகுக்கு எண் இருக்கிறது. எஞ்சினுக்கும்.
மிதவைச் சட்டை ஆறுக்கும் தனித்தனியாக.

"வேற ஏதாவது தாள் இருக்காண்ணே?"
பாலிதீன் பையிலிருந்து ஒன்பது நோட்டு எடுத்தார்.
தேதி, காற்று, நீவாடு, டீசல், ஏறியவர் பெயர், கரை சேர்ந்த நேரம்.
ஒரு நாள் விடவில்லை.
'கச்சான். படகு இறக்கலை' என்பதற்கும் ஒரு வரி.

டீ ஆறும்வரை சும்மா ஒப்பிட்டுப் பார்த்தேன்.
இணைப் பேராசிரியர் ஒருவருக்கு
ஜூலையில் பதினோரு நாள் களப்பணி, படியோடு.
நோட்டில் அந்தப் பதினோரு நாளும் கச்சான்.

கேட்டேன்.
"ஏறுனவங்களத்தான் எழுதுவேம்மா.
ஏறாதவங்களப் பத்தி நான் எதுக்கு எழுத?"

படகின் பக்கத்தைத் திறந்தேன்.
அதற்குக் குறிப்புரைக் கட்டம் உண்டு, இருநூறு எழுத்து.
எழுதினேன், அழித்தேன்,
'இணைப்பு காண்க' என்று மட்டும் விட்டேன்.
இணைப்பு இரண்டு எம்பிக்கு மேல் ஏறாது.
சிக்னல் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியருகே மட்டும்.
ஒவ்வொரு பக்கமாய்ப் படமெடுத்தேன்;
தாள் பறக்காமல் கஸ்பார் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.
எல்லாப் படத்திலும் ஓரத்தில்
அந்தக் கட்டைவிரல் விழுந்திருக்கிறது.

இன்னும் எட்டு நோட்டு பாக்கி.
சாயல்குடி பஸ் ஐந்தே காலுக்கு.