தெரிவித்தவர்

கடைசிக் கட்டத்தில் எழுத வேண்டியது
இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்பது.
கணினி வந்துவிட்டது; கையெழுத்துக்கு மட்டும்
இன்னும் இந்த மைதான்.
போடும்போது வெளிர்நீலமாக இருக்கும்,
வீடு போய்ச் சேர்வதற்குள் கறுத்துவிடும்.

கிளாஸ்கோவில், கோவன் பகுதியில்,
மூடிய கப்பல் பட்டறைக்கு எதிரே
பத்தொன்பது வருஷமாக என் மேசை.
அக்கா இஷ்பெல்லுக்கும் இதே உத்தியோகம்,
ஆற்றுக்கு அந்தப்பக்கம், பேர்ஸ்டனில்.
இரண்டு ஊர்க் குழாயிலும் ஒரே ஏரித் தண்ணீர்,
இரண்டு கூரையிலும் ஒரே மழை.
வெள்ளிக்கிழமை இரவு போனில் கேட்பாள்:
"உனக்கு இந்த வாரம் என்ன வயசு?"
அவளுக்கு எண்பத்தெட்டு, தொண்ணூற்றொன்று,
தொண்ணூற்றுமூன்றில் ஒருத்தி,
தோட்டத்தில், கையில் கத்தரியோடு.
எனக்கு அறுபத்தொன்று.
ஐம்பத்துநாலு, என் தம்பியோடு கால்பந்து ஆடியவன்.
நாற்பத்தேழு.
கொஞ்ச நேரம் அவளிடமிருந்து சத்தம் வராது.
பிறகு காற்று பலமாக அடிப்பதைப் பற்றிப் பேசுவோம்.

காரணத்தை மருத்துவர் எழுதித் தருகிறார்:
நுரையீரல், ஈரல், இதயம்.
உடம்புக்குள் இருப்பதற்கெல்லாம் கட்டம் இருக்கிறது.
பதினாலாம் மாடிக்கு லிப்ட் ஓடாததற்கு இல்லை.
படுக்கையறைச் சுவரில் ஏறிய பூஞ்சைக்கு,
பட்டறைச் சங்கு ஊதாமல் போன அந்தத் திங்கட்கிழமைக்கு,
பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு
வேறு ஊர் போன பெண்டாட்டிக்கு
எங்கே எழுதுவது?
ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை இடம் உண்டு.
அங்கே எழுதினால் செல்லாது.

டூகல் ரென்னிக் மார்ச்சில் வந்தார்,
மனைவி நெட்டாவின் சாவைப் பதிய.
சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தார்.
கல்யாணம் ஆன வருஷத்தைக் கேட்டேன்.
அவளைக் கேட்கத் திரும்பினார்,
பக்கத்து நாற்காலியைப் பார்த்து.
மே மாதம் டொரன்டோவிலிருந்து மகள் வந்து
அவருக்குக் கையெழுத்துப் போட்டாள்.
மருத்துவர் 'இதயம்' என்று எழுதியிருந்தார்.
பொய் என்று சொல்ல முடியாது.

டானக், அடுக்குமாடிக் காவலாளி.
இந்தக் குளிர்காலத்தில் மட்டும் ஏழு முறை வந்துவிட்டான்,
இடுப்பில் கொத்தாகத் தொங்கும்.
சாவைச் சொல்ல வருகிறவன் கையில் சாவி:
எனக்கு அது பழகவே இல்லை.
"உறவு?"
"ஒன்றுமில்லை. ஒன்பதாம் மாடி.
காலையில் திரையை விலக்குவான்.
மூணு நாளாக விலக்கவில்லை."
உறவுக் கட்டத்தில் 'காவலாளி' என்று எழுதினேன்.
மை எப்போதும்போல் கறுத்தது.

ஒருநாள் தானாகவே சொன்னான்:
"பன்னிரண்டாம் மாடியில் மெக்விக்கர் அக்கா தங்கைகள், நாலு பேர்.
எண்பதைத் தாண்டியாச்சு, ஒவ்வொருத்தியும்.
அதே பூஞ்சை, அதே லிப்ட், சிகரெட் வேறு.
விடிந்தால் சண்டை. டீக்கு யார் தண்ணீர் வைப்பது,
எழுபத்தொன்றாம் வருஷம்
யாருடைய கோட்டை யார் கிழித்தது.
அந்த வீட்டுக்குச் சாவு வந்தாலும்
உட்கார நாற்காலி கிடையாது."
சிரித்தோம். சிரித்துக்கொண்டே
எட்டாவது படிவத்தில் கையெழுத்துப் போட்டான்.

அன்று வெள்ளி. இஷ்பெல்லிடம் வயதுகளைச் சொல்லவில்லை.
சொன்னால் மனதுக்குள் என்னையும் சேர்த்துக் கூட்டுவாள்:
ஐம்பத்தாறு, தனியாக, இரண்டாம் மாடி.
மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.
குப்பைத்தொட்டித் தகராறில்
நாலு வருஷமாகப் பேச்சில்லாத மிஸஸ் குத்பர்ட்ஸன்
சங்கிலியை எடுக்காமல் கதவைத் திறந்தாள்.
இடுக்கு வழியாக நீட்டினேன்.
"எதுக்கு?"
"காலையில் என் ஜன்னல் திரை..."
அதற்கு மேல் வரவில்லை.
அவள் சாவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
வாங்கிக்கொண்டாள்.
"இனிமேலாவது தொட்டியைச் சுவரோரமாக வை" என்றாள்.