ஒரு பாகம் ஆழம்

முதல் இரவு ஊர்ப்பெயரைத் தட்டினேன்.
நூலகம் கைவிரித்தது.
இரண்டாம் இரவு ஓர் எழுத்தைக் குறைத்தேன்,
அப்புறம் ஓர் எழுத்தை இரட்டித்தேன்.
மூன்றாம் இரவு
முந்நூறு வருஷத்துக்கு முன்னால்
குளிரில் விரல் விறைத்துப்போன குமாஸ்தாவாக
என்னை நினைத்துக்கொண்டு
காதில் விழுந்தபடி அடித்தேன்.
வந்தது.

"அடையாளம் தெரியாத கரை. போத்னியா வளைகுடா.
மை, நீர்வண்ணம். ஓரத்தில் எலிக்கடி."
அவ்வளவுதான் குறிப்பு.

படம் கட்டம் கட்டமாக இறங்கியது,
உறைந்த ஜன்னலில் வாய்வைத்து ஊதி ஊதி
வெளியே பார்ப்பதுபோல.
உள்ளே ருனார் குறட்டை.
வெளியே மைனஸ் இருபத்தொன்று.

எதுவும் எதோடும் ஒட்டவில்லை.
கரை கீழே கிடந்தது, கடல் மேலே.
நெடுநேரம் கழித்துத்தான் தோன்றியது:
படகில் வந்தவன் அல்லவா வரைந்திருக்கிறான்,
அவனுக்கு முன்னால் இருந்தது கிழக்கு.
யாரோ அவசரத்தில் திருப்பி வைத்து
ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள்.
மடிக்கணினியையே தலைகீழாகத் தூக்கிப் பிடித்தேன்.
காபிக் கோப்பை கவிழ்ந்தது, போகட்டும்.
ஊர் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

ஊர் என்றா சொன்னேன்?
ஊரே இல்லை.
ரெய்ண்டியர் பாசி மண்டிய அந்தக் காட்டு மேட்டுக்கு
ஏன் 'பெரியதீவு' என்று பேர்,
சுற்றிலும் இரண்டு கிலோமீட்டருக்குத் தண்ணீரே இல்லையே
என்று பள்ளிக்கூடத்தில் கேட்டு
வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான்.
இதோ, சுற்றிலும் தண்ணீர்.

எங்கள் பக்கத்துக் கடல் கரையைத் தின்பதில்லை.
துப்பிவிட்டுப் போகிறது.
என்றோ பனிப்பாளம் ஏறி உட்கார்ந்த முதுகு
இன்னும் நிமிர்ந்து முடிக்கவில்லை,
வருஷத்துக்கு ஒரு பார்லி மணி உயரம்.
படகுத்துறையை மூன்று முறை நீட்டியாயிற்று.

பிர்யெரின் கொட்டகைக்கும் எங்கள் கொட்டகைக்கும் நடுவே
அப்படி எழும்பியதுதான் பதினோரு அடி.
சேறு, நாணல், ஒரு துருப்பிடித்த நங்கூரம்.
அதற்காகப் பதினாலு வருஷம் பேச்சில்லை.
ஒப்புக்கொள்கிறேன்,
அவன் வாயை அடைக்கத்தான்
இந்த மூன்று இரவும்.

பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன்.
எங்கள் வீடு நிற்கிற இடத்தில் நீலம்.
நீலத்துக்குள் கொசு அளவு ஓர் எண்: 1.
ஒரு பாகம்.
ஈயக்குண்டு கட்டிய கயிறு
அடுப்புக்கும் மேஜைக்கும் இடையே இறங்கி
அடி தொட்டிருக்கிறது.
ஒருவன் சத்தம்போட்டுச் சொல்லியிருக்கிறான்,
ஒருவன் எழுதி, ஈரம் காயுமுன்
கட்டைவிரலால் இழுப்பிவிட்டிருக்கிறான்.
அந்த ரேகை தெரிகிறது.
அதைப் பார்த்தபின் வழக்கு நினைவில்லை.

இரவு இரண்டு பத்துக்கு
படத்தை மட்டும் பிர்யெருக்கு அனுப்பினேன்,
ஒரு வார்த்தை சேர்க்காமல்.
அவனும் தூங்கவில்லை போல.
"என் வீட்டில் எவ்வளவு?"
"இரண்டு பாகம்."
"சரி, மாடிக்குப் போய்விடுகிறேன்."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு,
"அந்தப் பதினோரு அடி?"
"எண் இல்லை. வெறும் நீலம்."
எழுதுகிறான், நிறுத்துகிறான், எழுதுகிறான்.
திரையில் மூன்று புள்ளிகள்
மிதப்பதும் முங்குவதுமாக இருந்தன.

நூலகப் பக்கத்தின் அடியில் ஒரு சின்னப் பெட்டி:
இடம் தெரிந்தவர்கள் எழுதலாம்.
எழுதினேன்.
சரியான எழுத்துக்கூட்டல் ஒன்று,
அந்தக் குமாஸ்தாவின் தப்பு ஒன்று,
நாளைக்கு யார் எப்படித் தட்டுவார்களோ.

விளக்கு வெளிச்சத்துக்கு எழுந்து வந்த ருனார்
"இன்னும் படுக்கலையா" என்று கேட்டபடி
சிந்திய காபியை மிதித்துக்கொண்டு நின்றான்,
வெறுங்காலோடு,
தலைக்கு மேல் தண்ணீர் போவது தெரியாமல்.